1966 மஸ்டாங்: முழுவதும் பிரித்துச் செய்வதா, ஓடவைத்துவிட்டுச் செய்வதா?

செக்கானூரணி எழுதியது:

வணக்கம். மதுரைக்கு மேற்கே செக்கானூரணிப் பக்கம் எங்கள் தோப்பில், பம்புசெட் அறையை ஒட்டிய தகரக் கொட்டகையில், 1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்று நிற்கிறது. அயல்நாட்டுத் தூதரகத்தில் இருந்த ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுச்சென்று, ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலத்தில் விற்ற வண்டி அது. ஏலத்தில் எடுத்த காரைக்குடிக்காரர்களிடமிருந்து 1981இல் என் அப்பா வாங்கினார். இடப்பக்கம் ஸ்டீயரிங், இரண்டு கதவு, இரும்புக் கூரை. ஓட்டுநர் கதவில் அறைந்திருக்கும் தகட்டில் 65ஏ என்று இருக்கிறது. ஆலை பொறித்த வண்டி எண் 6ஆர்07சி என்று தொடங்குகிறது.

1987இல் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் அப்பா அதன் எட்டு சிலிண்டர் வி8 என்ஜினை இறக்கிவிட்டு, மட்டடார் வேனின் டீசல் என்ஜினை ஏற்றினார். பெரிய அமெரிக்க வண்டி வைத்திருந்த பலரும் அன்று அதைத்தான் செய்தார்கள் என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இறக்கிய என்ஜினை எடைக்குப் போடாமல், தார்ப்பாயில் சுற்றி, பம்புசெட் அறையில் இரண்டு தென்னங்கட்டைகளின்மேல் வைத்துப் பூட்டியவரும் அவர்தான். 2009இல் வண்டி நின்றது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஒரு வேலையாகச் செய்துகொண்டே இருந்தார்: ஓராண்டு சீட்டுக்கு ரெக்சின், ஓராண்டு பம்பருக்குக் குரோமியப் பூச்சு, இன்னோர் ஆண்டு கண்ணாடிக்கு ரப்பர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார்.

சென்ற மாதம் ஓட்டுநர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கியபோது, அடித்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்து, அதன் வழியே கொட்டகைத் தரை தெரிந்தது. மதுரையிலிருந்து வந்து பார்த்த ஒரு டிங்கர், கதவு, மட்கார்டு, கண்ணாடி, அடித்தகடு என ஒன்று விடாமல் பிரித்து, வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, 14 மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். வேறொரு மெக்கானிக்கோ, பழைய என்ஜினை முதலில் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைப் பிறகு கவனிக்கலாம் என்கிறார். மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது. எனக்கு வண்டி வேலையும் தெரியாது. எதை முதலில் செய்வது என்று, இப்படிப்பட்ட வண்டியைப் பல ஆண்டுகள் வைத்துப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருநகர் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். அப்பா அந்த என்ஜினை எடைக்குப் போடாமல் வைத்தாரே, அது பெரிய காரியம். உங்கள் எண்ணில் 6 என்பது 1966ஆம் ஆண்டு; ஆர் என்பது கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆலை; 07 என்பது இரும்புக் கூரை வண்டி; சி என்பது இரட்டை வாய்க் கார்புரேட்டர் வைத்த 289 கன அங்குல வி8, அதாவது 4.7 லிட்டர். சக்கரத்துக்கு ஐந்து போல்ட் இருக்கும். நான்கு இருந்தால் யாரோ ஆறு சிலிண்டர் வண்டியின் அச்சை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள், அதையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அந்த ஓராண்டில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மஸ்டாங்குகள் வெளிவந்தன. அவற்றில் ஏறத்தாழ 5 லட்சம் உங்களுடையதைப் போன்ற கூரை வண்டிகள். அபூர்வமான வண்டி இல்லை என்பதால்தான் தப்பித்தீர்கள். கிளிப்பிலிருந்து முழு அடித்தகடு வரை இன்றும் அமெரிக்காவில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பொருளின் விலையைவிட அனுப்பும் கூலியும் சுங்க வரியும்தான் கையைக் கடிக்கும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். உங்களிடம் பேசிய இருவருமே வேலையை நடுவிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். அடித்தகடு ஏன் ஓட்டையானது என்று இருவரும் கேட்கவில்லை. செக்கானூரணி கடற்கரையில் இல்லை, கொட்டகைக்குள் மழையும் பெய்யவில்லை. அந்தத் தண்ணீர் மேலிருந்து வந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே, பானட்டுக்குப் பின்னால், வரிவரியாகக் கீறல் விட்ட ஒரு தகடு இருக்கும். அதைக் கவுல் என்பார்கள். வண்டிக்குள் காற்று போவதற்கான வழி அது. அதன் அடியில் மூடிய தொட்டி போல இன்னொரு தகடு இருக்கிறது. மழைநீர் கீறல் வழியே அதற்குள் விழுந்து இரண்டு ஓரங்களிலும் வடிந்துபோக வேண்டும். காற்று உள்ளே இறங்குவதற்காக அந்தத் தொட்டியின் தரையில் இடமும் வலமும் ஒவ்வொரு துளை. துளைக்குள் நீர் இறங்காமல் இருக்க, கவிழ்த்த படி போன்ற ஒரு வளையத்தைச் சுற்றி நிறுத்தி ஸ்பாட் வெல்டிங் செய்திருப்பார்கள். வேப்பஞ்சருகும் புளிய இலையும் விழுந்து அந்த வளையத்தின் காலடியில் ஈரத்தோடு மக்கினால், தகடு அரித்து, நீர் நேராக ஓட்டுநரின் காலடியில் சொட்டும். மேலிருந்து பார்த்தால் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே கையை விட முடியாது. மதுரையில் ஹீட்டர் எதற்கு என்று என் வண்டியில் ஹீட்டர் பெட்டியை நான் தூக்கி எறிந்தேன். வலப்பக்கத் துளை அதற்குள்தான் இறங்குகிறது என்பது அடுத்த ஐப்பசியில் மனைவியின் புடவை நனைந்தபோதுதான் தெரிந்தது.

ஆகவே பணம் எதுவும் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவர் தோப்புக் குழாயை அந்தக் கீறலின்மேல் மெதுவாகப் பிடிக்கட்டும். நீங்கள் டார்ச் விளக்கோடு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, எந்தத் துளையின் ஓரத்தில் நீர் தெரிகிறது என்று பாருங்கள். அடுத்த மழைக்கு முன் அந்த வழியை அடைக்காமல் அடித்தகட்டை மாற்றினால், புதுத் தகடும் சில ஆண்டுகளில் அதே கதிக்குப் போகும். மேலிருந்து தாரையோ பசையையோ ஊற்றி அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சரியான முறையில், நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாக டிரில் போட்டு, மேல் தகட்டை முழுதாகத் தூக்கி, கீழ்த் தகட்டில் புதிய வளையம் வைத்துப் பற்றவைத்து, பெயிண்ட் அடித்த பிறகு மூட வேண்டும். பொறுமையுள்ள டிங்கருக்கு இரண்டு வார வேலை. அதன் மேல்தான் முன் கண்ணாடி உட்காருவதால் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்பா போட்ட புது ரப்பர் கிழியாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

முழுவதும் பிரிப்பதை நான் எதிர்ப்பதற்குக் காரணம், நானே பிரித்து மேய்ந்தவன் என்பதுதான். 2002இல் வாங்கிய என் 1965 மஸ்டாங்கை 2004 தை மாதம் ஒன்பதே நாளில் பிரித்தேன். மாட்டுவதற்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. டிங்கர் பாதியில் திருப்பூருக்குப் போய்விட்டார், அடுத்தவர் முந்தியவரின் வேலையைத் தொட மறுத்தார். போல்ட்டுகளை ஹார்லிக்ஸ் புட்டிகளில் போட்டுப் பெயரெழுதி ஒட்டியிருந்தேன். பசைக்காகக் கரப்பான் பூச்சிகள் காகிதத்தை அரித்துவிட, 2015இல் 43 புட்டி நிறைய எதற்கென்று தெரியாத போல்ட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தை மாதம் பிறந்த என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. உங்களிடம் மாதம் 15,000 ரூபாய் இருக்கிறது. அது ஒரு மூலையைச் செய்து முடிக்கப் போதும், பிரித்துப் போட்ட முழு வண்டிக்குப் போதாது.

இன்னொன்று. இந்த வண்டிக்கு லாரி போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. தகட்டுக் கூடுதான் வண்டியைத் தாங்குகிறது. கதவையும் கழற்றி, இரு பக்க அடித்தகட்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால், கூடு ஓரிரு நூல் தொய்யும். பிறகு கதவு என்றைக்கும் ஒழுங்காக மூடாது. கதவை மாட்டி வைத்தபடி, உள்ளே குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்து, ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் மறுபக்கம் வெட்ட வேண்டும். ஓட்டுநரின் பாதத்துக்கு நேர் கீழே, முன் ரெயிலையும் கதவடிப் பெட்டியையும் இணைக்கும் மூலைப் பெட்டியைத் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே அவ்வளவு பெரிய ஓட்டை இருந்தால் அதுவும் போயிருக்கும். முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் டவரில் விரிசல் உண்டா என்றும் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். டீசல் என்ஜின் 22 ஆண்டுகள் ஆட்டியிருக்கிறது.

பிரேக்கைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 1966 வண்டியில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஓர் அறைதான். எந்தச் சக்கரத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967 முதல் வந்த இரட்டை அறைச் சிலிண்டரை மாற்றி வைக்கலாம். அது இல்லாமல் கொட்டகையை விட்டு வண்டியை வெளியே எடுக்காதீர்கள். பெயிண்ட் கடைசியில்தான், எத்தனை ஆசையாக இருந்தாலும்.

அழகர்கோவில் சாலை எழுதியது:

நல்ல இழை. இதை மசில் கார் என்று நினைத்து யாராவது உங்களைச் செலவுக்கு இழுத்துவிடுவார்கள் என்பதற்காக ஒரு குறிப்பு. நடுத்தர உடலில் பெரிய வி8 என்ஜினை வைத்த 1964ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓவிலிருந்துதான் அந்த வகையைப் பலரும் எண்ணத் தொடங்குகிறார்கள். அது 389 கன அங்குலம், 325 குதிரைத்திறன். மஸ்டாங்கைப் போனி கார் என்ற தனிப் பெயரால் அழைப்பார்கள். அதிலும் கே என்ற எழுத்துள்ள என்ஜின் 271 குதிரைத்திறன், உங்கள் சி என்ஜின் 200 மட்டுமே. அந்த எண்களும் ஆல்டர்னேட்டர், மின்விசிறி, சைலன்சர் எதுவும் இல்லாமல் மேசையில் வைத்து அளந்தவை. 1972இல் அமெரிக்க நிறுவனங்கள் அளவுமுறையை மாற்றியதும் எல்லா வண்டியின் திறனும் காகிதத்தில் சட்டென்று குறைந்தது. எனவே நான்கு வாய்க் கார்புரேட்டர், பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) என்று போகாமல், ஆலையில் வந்தபடி வைத்தால் சித்திரைத் திருவிழா நெரிசலிலும் கொதிக்காமல் நிற்கும்.

ஜெய்ஹிந்துபுரம் லேத் எழுதியது:

தம்பி, திருநகர்க்காரர் சொன்ன வரிசையை நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் என்ஜினைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் 1974 முதல் ஃபார்கோ, பெட்ஃபோர்டு லாரி என்ஜின்களில் கை வைத்தவன். மதுரைக்கு அமெரிக்க என்ஜின் புதிதும் இல்லை, டி.வி.எஸ். நிறுவனமே ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்று வளர்ந்ததுதான்.

முப்பது ஆண்டுக்கு மேல் கிடந்த என்ஜினுக்கு எக்காரணம் கொண்டும் பாட்டரி கொடுத்துச் செல்ஃப் போடாதீர்கள். எட்டுப் பிளக்கையும் கழற்றுங்கள். இவற்றின் மரை 18 மில்லிமீட்டர்; கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 14 மில்லிமீட்டர் பொருந்தாது என்பதால் பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். டீசலும் என்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு முட்டைக்கரண்டி ஊற்றுங்கள். பிளாக் சாய்ந்த வி வடிவம் என்பதால் எண்ணெய் ஒரு பக்கச் சுவரில்தான் தேங்கும். ஆகவே வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் ஊற்ற வேண்டும். அதற்கிடையே என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றிப் பாருங்கள். அக்காலத்துப் பல அமெரிக்க வி8 என்ஜின்களில் கேம் சக்கரத்துக்கு நைலான் பல் வைத்தார்கள். சத்தம் குறையும் என்பது அவர்கள் எண்ணம். அது வயதானால் உடைந்து சம்பில் விழுந்து, ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். சம்பில் பழுப்பு நிறத் துண்டுகள் இருந்தால் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். செயினையும் சக்கரத்தையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது. அதன் பிறகுதான் கிராங்க் போல்ட்டில் நீண்ட கைப்பிடி போட்டு, முன்னும் பின்னும் மயிரிழை அளவுக்கு ஆட்டிப் பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுவோம். பிஸ்டனைச் சுத்தியலால் தட்டுபவன் பக்கத்தில் போகாதீர்கள்.

போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 4 அங்குலம் சரியாக. தேய்ந்திருந்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு கூட்டிப் போர் போடலாம். 60 வரை போகலாம் என்பவர்கள் உண்டு. இந்த பிளாக்கை ஃபோர்டு மெல்லிய சுவராக வார்த்தது, நம் ஊர் வெயிலில் அது சூடேறும் என்பதால் நான் செய்து தரமாட்டேன். பின்பக்க ஆயில் சீல் கயிறாக இருக்கும். அதை எண்ணெயில் ஊறவைத்து உருட்டி உட்காரவைக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றது. உங்கள் என்ஜின் 1987இலேயே படுத்துவிட்டதால் ஈயமில்லாப் பெட்ரோலில் அது ஓடியதே இல்லை. வால்வு உட்காரும் இடம் ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே கடைந்தது, அது கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும். ஹெட் கழற்றும்போதே புகைவால்வுகளுக்குக் கடினமான வளையம் அடித்துவிடலாம். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் குழாய், பம்பின் டயாபிரம், மிதவை எல்லாம் ஊறிப்போகும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். நிறுத்தி வைக்கும் மாதங்களில் டேங்கை வடித்துவிடுங்கள்.

பிளக்குகள் தீப்பொறி விடும் வரிசை 1-5-4-2-6-3-7-8. வலப்பக்கம் முன்னிருந்து 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. ஷெவர்லே பழகியவர்கள் ஒற்றைப்படை எண்களையெல்லாம் இடப்பக்கமாக எண்ணி வயரைச் சொருகுவார்கள். அப்படிச் சொருகிய ஒரு வண்டியில் கார்புரேட்டர் வழியே வந்த தீயில் என் புருவம் போனது 1983இல்.

ஓய்வுபெற்ற எழுத்தர் எழுதியது:

வண்டி இன்னும் தந்தையார் பெயரிலேயே இருந்தால், மற்ற வேலைகளுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு அபராதம் இருக்கும், ஆனால் வழி அடைபடவில்லை. வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும்.

என்ஜின் விஷயத்தில் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 1987இல் டீசல் என்று பதிந்திருந்தால், பழைய என்ஜினை ஏற்றியதும் மீண்டும் பெட்ரோல் என்று பதிய வேண்டும்; பதியாமலே ஓட்டியிருந்தால், அதிர்ஷ்டவசமாக இப்போது தாளும் வண்டியும் ஒத்துப்போகும். 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், உடல், என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டியைப் பாரம்பரிய வண்டியாகப் பதியலாம்; புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வைகை அணைக்குப் போக வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் சாதாரணப் பதிவிலேயே இருங்கள். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்குத் திரும்புவதைக் காட்டும் விளக்கு வேலை செய்தாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவே சொல்கிறது; ஆய்வாளர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

செக்கானூரணி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முன்பணம் கேட்டவரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாகச் செய்தவற்றை எழுதுகிறேன்.

தம்பி குழாயைப் பிடிக்க நான் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தேன். நாற்பது எண்ணுவதற்குள் இடப்பக்கத் துளையின் வளையத்தைச் சுற்றி முழுவதும் நீர் கசிந்து, என் நெற்றியில் சொட்டியது. கூடவே கறுத்த இலைத் தூளும் வந்தது. வலப்பக்கம் உலர்ந்தே இருந்தது. மூலைப் பெட்டியில் திருப்புளி கைப்பிடி வரை இறங்கிவிட்டது. ஷாக் டவரில், ஓட்டுநர் பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதன்மேல் ஏற்கெனவே கேஸ் வெல்டிங் செய்த தழும்பு இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. சக்கரத்துக்கு ஐந்து போல்ட் இருக்கின்றன. பதிவுச் சான்றிதழில் டீசல் என்றுதான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

லேத் ஐயா சொன்னபடி மூன்று முறை எண்ணெய் ஊற்றினேன். சம்பைக் கழற்றியபோது பழுப்புத் துண்டு எதுவும் இல்லை. நேற்று மாலை போல்ட்டில் கைப்பிடி போட்டு ஆட்டியபோது முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு 'கிறீச்' என்ற சத்தத்தோடு கால் சுற்று சுற்றி நின்றது. அதற்கு மேல் நான் முயலவில்லை. ஐந்தாம் பிளக்கின் துளை வழியே பார்த்தபோது சுவரில் துருவின் வளையம் ஒன்று தெரிகிறது. மற்ற ஏழிலும் இல்லை.

ஜெய்ஹிந்துபுரம் லேத் எழுதியது:

நிறுத்தியது சரி. ஐந்தாவதில் வால்வு திறந்த நிலையில் என்ஜின் நின்றிருக்கும். முப்பது ஆண்டு ஈரக் காற்று அது வழியாகத்தான் போயிருக்கிறது. ஹெட் கழற்றி அளந்து பார்ப்போம். அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் என்ற உள்குழாய் போட்டு, மற்ற ஏழையும் தொடாமல் விட வாய்ப்பு இருக்கிறது. கவுல் வேலைக்கு டிங்கரைப் பிடிக்கும்வரை என்ஜினை என் பட்டறையில் வையுங்கள், இடத்துக்கு வாடகை வேண்டாம். குட்டியானையில் ஏற்றும்போது பிளக் துளைகளைத் துணியால் அடைக்காமல், பழைய பிளக்குகளையே கையால் திருகிவிட்டு வாருங்கள். வழியில் விழும் மணல் இரண்டு துளி உள்ளே போனாலும் அந்த ஏழையும் போர் போட வேண்டியதாகிவிடும்.